முப்பது நிமிடத்தில் காலாவதியாகும் துண்டு

ஸ்வீடனுக்கு வந்த முதல் வாரத்தில் என் துண்டை யாரோ துவைத்துவிட்டார்கள். நான் கேட்கவே இல்லை. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை இருக்கிறது. இவர்கள் மொழியில் 'த்வெட்ஸ்தூகா'. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அன்றைக்கு அங்கே ஒரு மெஷின் காலியாக இருந்தது. மேலே போய் அழுக்குத் துணிக் கூடையை எடுத்துவர வேண்டும். அதற்குள் வேறு யாராவது வந்துவிட்டால்? செங்கல்பட்டுக்காரன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து மெஷின் மேல் விரித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக மாடியேறினேன். அதற்குள் அம்மா போன் செய்தாள். அம்மாவின் போனை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இதுவரை இல்லை. திரும்பி வந்தபோது மெஷினில் யாருடைய துணியோ சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்து மேசையில் என் துண்டு. துவைத்து, உலர்த்தி, நாலாக மடித்து, மேலே ஒரு சீட்டு. போனில் மொழிபெயர்த்துப் படித்தேன்: "யாரோ மறந்துவிட்ட துண்டு. துவைத்துவிட்டேன். வாழ்த்துகளுடன், இரண்டாம் மாடி."

இரண்டாம் மாடி என்பது குனிலா. ஓய்வுபெற்றவர், ஒல்லியானவர், படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோடு சுவராக ஒட்டி வழிவிடுபவர். நன்றி சொல்லப் போன இடத்தில் எங்களுக்குள் ஆங்கிலத்தில் நடந்த முதல் உரையாடல் இது.

"அந்தத் துண்டு உங்களுடையதா? மறந்துவிட்டீர்களே."

"மறக்கவில்லை. அது நான்தான். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்."

"மெஷின் மேலா?"

"நான் இல்லை, என் துண்டு."

"உங்கள் துண்டு உட்கார்ந்திருந்தது."

"ஆமாம்."

அவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "இங்கே வந்து எத்தனை நாளாகிறது?"

"ஆறு நாள்."

"இங்கே வெயில் குறைவு. வைட்டமின் டி மாத்திரை வாங்கிச் சாப்பிடுங்கள்," என்றார்.

பிறகு அவரே என்னைக் கீழே அழைத்துப்போய்ச் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும், ஒவ்வொரு மூன்று மணி நேரத்துக்கும் ஒரு துளை. ஒவ்வொரு வீட்டுக்கும் எண் பொறித்த ஒரு சின்னப் பூட்டு. வேண்டிய நேரத்துத் துளையில் பூட்டைச் செருகிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அந்த நேரம் உங்களுடையது; நாட்டின் அரசரே வந்தாலும் கையில் அழுக்குத் துணியோடு திரும்பிப் போகவேண்டியதுதான். ஒரே ஒரு நிபந்தனை. முப்பது நிமிடத்துக்குள் நீங்கள் வராவிட்டால் அந்த இடம் வருகிறவருக்குச் சொந்தம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. சண்டை இல்லை, சத்தம் இல்லை, 'நான்தான் மொதல்ல வந்தேன்' இல்லை. மனித குலம் அடைந்த நாகரிகத்தின் உச்சி ஒரு பலகையில் தொங்குவதாக அன்றைக்கு முடிவு செய்தேன். பின்னால் எனக்கு வந்த எல்லாத் தொல்லைக்கும் அந்த முடிவுதான் காரணம்.

என் துண்டுக்கு ஒரு பூர்விகம் உண்டு. இந்த யோத்தெபோரி நகரத்துக்கு வருவதற்கு முன் ஏழு வருடம் மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். எங்கள் கம்பெனி பஸ் ரூட் நம்பர் ஏழு, படாளத்தில் கிளம்பி ஜி.எஸ்.டி. சாலையில் பாலாற்றைத் தாண்டி, செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில் என்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும். ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் எழுபது பேர். செங்கல்பட்டில் ஏறுகிற என்னைப் போன்றவர்களுக்கு நியாயப்படி நிற்கத்தான் இடம். ஆனால் நான் ஏழு வருடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. படாளத்தில் முதல் ஆளாக ஏறும் எபநேசர், பிரஸ் ஷாப் ஆபரேட்டர், எங்கள் எல்லோருக்கும் எபி, இடது பக்கம் நான்காவது வரிசை ஜன்னலில் எனக்காகத் துண்டைப் போட்டு வைத்திருப்பான். நான் என்றைக்காவது ஸ்டாப்பில் இல்லையென்றால், "அண்ணாத்த, துண்டு கீது, ஆளக் காணோம்!" என்று டிரைவரிடம் கத்துவான். வண்டி நிற்கும். நான் பாதி ஷூவோடு ஓடிவருவேன். எழுபது பேரும் என்னைத் திட்டுவார்கள். அந்தத் திட்டுகளில் சில இன்றைக்கும் எனக்கு வாய்ப்பாடு போல நினைவிருக்கின்றன.

அந்த பஸ்ஸில் போனவர்களுக்காக எபியும் நானும் இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கினோம். பெயர், வேறென்ன, 'ரூட் நம்பர் ஏழு'. வாட்ஸ்அப்பில் எங்களுக்கும் ஒரு குழு உண்டு. அதில் தினமும் காலையில் நாற்பது ரோஜாப்பூ வரும், பேச்சு வராது. மன்றத்தில் அப்படியில்லை. ஒருவன் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் அது வருடக்கணக்கில் ஓடும். மாமல்லபுரம் கடற்கரைக்கு நாங்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது சங்கரின் செருப்பை அலை கொண்டுபோனதா, நாய் கொண்டுபோனதா என்ற விவாதம் மட்டும் பதினோரு பக்கம். சங்கர் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். செருப்பு இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உறுப்பினர்கள் சிதறிப்போனார்கள். விஜயா அக்கா கல்யாணமாகிக் கல்பாக்கம் குடியிருப்புக்குப் போனார். நான் இங்கே. வெளிநாட்டில் இருப்பவனுக்கு நேரம் நிறைய என்ற தவறான எண்ணத்தில் என்னை நிர்வாகியாக்கினார்கள். அது தவறு என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை.

பஸ் பழக்கம் மன்றத்துக்கும் வந்தது. யாராவது ஒரு நல்ல விஷயத்தை ஆரம்பித்தால் உடனே கீழே ஒருவர் 'துண்டு' என்று மட்டும் எழுதுவார். இப்போது நேரமில்லை, ஷிஃப்டு முடிந்து வந்து எழுதுகிறேன், என் இடத்தை யாரும் எடுத்துவிடாதீர்கள் என்று அர்த்தம். சிலர் அடுத்தவருக்கும் போடுவார்கள்: 'துண்டு, சங்கருக்கு.' போட்டவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்ததே இல்லை. பக்கம் பக்கமாகத் துண்டு. பார்ப்பதற்குச் சலவைக்காரர் கொடியைப் போல இருந்தது. குனிலாவின் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பண்பட்டிருந்த என் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. கடந்த பொங்கல் முடிந்த கையோடு நிர்வாகியின் அறிவிப்பு ஒன்றை வெளியிட்டேன். 'இனி துண்டு போடுபவர்கள் முப்பது நிமிடத்துக்குள் கருத்தை எழுதவேண்டும். தவறினால் துண்டு நீக்கப்படும்.' சொன்னதோடு நின்றேனா? உட்கார்ந்து பழைய துண்டுகளையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து மன்றத்தைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. துடைத்துவைத்த பிணவறை போல என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அந்த உவமை தோன்றவில்லை.

அதன் பிறகு யாரும் எழுதவில்லை. முதலில் வேலை அதிகம் போல என்று நினைத்தேன். அப்புறம் தேர்வு நேரம், அப்புறம் வெயில் என்று அவர்களுக்கு நானே விடுமுறை விட்டேன். நானே நாலு விஷயம் ஆரம்பித்து நானே பதில் எழுதி, நானே சிரிப்புப் பொம்மையும் போட்டுக்கொண்டேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று வங்கி அனுப்புவது போல ஒரு கடிதம் அனுப்பினேன். வாரம் ஒரு வினாடி வினா நடத்தினேன். எல்லா வாரமும் நானே வென்றேன். கடைசியில் கல்பாக்கத்து 'மீனா' என்று ஒரு கள்ள உறுப்பினரை உருவாக்கி எல்லோரையும் நலம் விசாரிக்க வைத்தேன். எபியிடமிருந்து போனில் ஒரே ஒரு வரி வந்தது: "மச்சான், மீனா இன்னா ஸ்வீடன் டைமுக்கு நாஸ்தா துண்ணுட்டு வந்து எழுதுது?" மீனா அன்றே மன்றத்திலிருந்து விலகினார்.

மே மாத இறுதியில், மன்றத்துக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்த இணைய நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. உயிரோட்டமில்லாத மன்றங்களை அழிக்கிறார்களாம். நிர்வாகியைத் தவிர்த்துக் குறைந்தது பத்து உறுப்பினர்களாவது ஒன்பது நாளுக்குள், அதாவது அடுத்த சனிக்கிழமைக்குள் எழுதவில்லையென்றால் எங்களுடையதும் போய்விடும். பதிவுகள், படங்கள், பதினோரு பக்கச் செருப்பு, எல்லாம். இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். இங்கே என் ஜோக்குக்கு யாரும் சிரிப்பதில்லை. அலுவலகத்தில் நான் ஒரு நகைச்சுவை சொன்னால் அதில் உள்ள தகவலைச் சரிபார்க்கிறார்கள். எட்டு வருடமாக நான் ஒரு வேடிக்கையான ஆள் என்பதற்கு உலகத்திலிருந்த ஒரே சான்று அந்த மன்றம்தான். அது போனால் நான் யோத்தெபோரியில் வசிக்கும், சரியான நேரத்துக்குத் துணி துவைக்கும் ஒரு மனிதன். அவ்வளவே.

இரண்டு நாள் தயங்கிவிட்டு எபியைக் கூப்பிட்டேன்.

"எபி, மன்றத்தை மூடப்போறான்டா. பத்து பேர் எழுதணும். நீ ஒன்னு."

"எத்த எழுதறது? எழுதி முடிக்கிறதுக்குள்ள நீ கடியாரத்த எடுத்துகினு வந்து நிப்ப."

"அது சும்மா ஒரு ஒழுங்குக்குடா. இங்கெல்லாம் அப்படித்தான். வரலன்னா அடுத்தவனுக்கு."

"அங்க அப்டி. பஸ்ல துண்டு போட்டவன் வரலன்னா நாம இன்னா பண்ணுவோம்? துண்ட தூக்கி வெளிய போடுவமா, வண்டிய நிறுத்துவமா?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"சங்கருக்குப் போட்ட துண்ட எடுத்துட்ட. மஸ்கட்டு போயி அஞ்சு வருசமாச்சு, அவன் எங்க எழுதப்போறான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் போட்டேன். அவன் என்னிக்காவது தொறந்து பாத்தா அவன் பேரு அங்க இருக்கும்ல?"

"சாரிடா."

"இரு, முடிக்கல. எங்க தாத்தா ஊர்ல பெரிய மனுசனுங்க எதிர்ல வந்தா தோள்ல கீற துண்ட எடுத்து கக்கத்துல வச்சிகினு நின்ன ஆளு. எங்கப்பா டவுன் பஸ்ல சீட்டு காலியா இருந்தாலும் நின்னுகினே போவாரு, பழக்கம். நான் சீட்டு மேல துண்டு போட்டு வண்டிய நிறுத்தினு இருந்தேன். நீ இன்னாடான்னா ஸ்வீடன்ல குந்திகினு அத்த எடுன்ற."

ஏழு வருடம் அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்து போனவன் நான். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எபியே கடைசியில், "செரி, டூட்டிக்கு டைமாச்சு," என்று வைத்துவிட்டான்.

மறுநாள் முழுவதும் மன்றத்தின் குப்பைத்தொட்டியைக் கிளறினேன். நல்லவேளை, நீக்கியது எதுவும் அழிந்துபோகவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு துண்டையும் அதனதன் இடத்தில் திரும்பப் போட்டேன். முப்பது நிமிட விதியை எடுத்தேன். பிறகு 'சீட்டு' என்று புதிதாக ஒரு பக்கம் திறந்தேன். அதில் தயவுசெய்து எழுதுங்கள் என்ற கெஞ்சல் எதுவும் இல்லை. பஸ்ஸின் படத்தை வரைந்து ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு, அவ்வளவுதான். 'வலது பக்கம் மூன்றாவது வரிசை. துண்டு, விஜயா அக்காவுக்கு.' 'கடைசி சீட்டு, நடுவில். துண்டு, சங்கருக்கு, செருப்போடு.' பெயரைக் குறிப்பிட்டால் அவர்களுக்குத் தானாகவே மின்னஞ்சல் போகும். முப்பத்தெட்டுப் பேருக்குப் போட்டேன். ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மதியம், இங்கே நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு பிரேக் வட்டைக் கையில் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது போன் துடித்தது. விஜயா அக்கா!

'தம்பி தேவா, எட்டு வருசத்துல ஸ்வீடன் போயி மூளை ஒறஞ்சி போச்சா? நான் எப்போ மூணாவது வரிசை? ரெண்டாவது வரிசை, பொம்பளைங்க சீட்டு. உன் துண்ட எடுத்து ரெண்டுல போடு.'

நான் அந்த வட்டைக் கீழே போட்டேன். அதற்கு ஒரு படிவம் நிரப்பவேண்டியிருந்தது, சந்தோஷமாக நிரப்பினேன். அடுத்த பத்து நிமிடத்தில் மஸ்கட்டிலிருந்து சங்கர்: 'அக்கா ரெண்டாவது வரிசைன்னா அப்போ சிங்கப்பெருமாள் கோயில் கும்பல் எங்க குந்துச்சி? கூரை மேலயா?' அவனுக்கு மறுப்பாக ஒருவர், அவருக்கு மறுப்பாக இன்னொருவர். கருத்துக் கேட்டபோது யாரும் வரவில்லை; நான் தப்பாகச் சொன்னதும் திருத்த ஓடிவந்துவிட்டார்கள்! மன்றத்தை நடத்த நான் படித்திருந்த அறிவுரைகள் எதிலும் இது இல்லை. உடனே வேண்டுமென்றே இன்னும் நாலு பேரை இடம் மாற்றிப் போட்டேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒன்பது பேர். பஸ்ஸே சாய்ந்துவிடும் போல ஒரு கூச்சல். பிரேக் போட்டால் யார் யார் மேல் விழுந்தார்கள் என்று படம் போட்டு விளக்கினார்கள். நான் சமையலறையில் தோசைக்கரண்டியோடு ஆடிக்கொண்டிருந்தேன். மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார். தட்டட்டும்.

பத்தாவது ஆளைத்தான் காணோம். எபி எல்லாவற்றையும் படிக்கிறான், எழுதவில்லை. அவனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸின் படத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். எல்லோருக்கும் துண்டு போட்டாயிற்று, எபிக்கு மட்டும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடத்தில் எபிக்கு யாருமே துண்டு போட்டதில்லை. எப்படிப் போடமுடியும்? வண்டி கிளம்புவதே படாளத்தில். முதலில் ஏறுபவன் அவன். எழுபது பேர் பஸ்ஸில் யாரும் இடம் பிடித்து வைக்காத ஒரே ஆள், எல்லோருக்கும் இடம் பிடித்துக் கொடுத்தவன். சனிக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக என் சீட்டையே அவனுக்குப் பிடித்து எழுதினேன்: 'இடது பக்கம் நான்காவது வரிசை, ஜன்னல். துண்டு, எபநேசருக்கு. படாளத்துக்கு முந்தின ஸ்டாப்பில் ஏறிப் போட்டிருக்கிறேன்.'

அன்றைக்கு ஒன்பது மணிக்கு எனக்குத் துணி துவைக்கும் முறை. பூட்டைச் செருகிப் பத்து நாளாகியிருந்தது. கூடையைத் தூக்கிக் கதவு வரை போனேன். போனை ஒருமுறை பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை பார்த்தேன். கதவருகிலேயே கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நம்மூரில் மதியம் பன்னிரண்டரை தாண்டியிருக்கும், இரண்டாம் ஷிஃப்டு வண்டி கிளம்புகிற நேரம். எபி இந்த வாரம் இரண்டாம் ஷிஃப்டு. ஒன்பது இருபதுக்குப் போன் துடித்தது.

'டேய் பேமானி. படாளத்துக்கு முன்னாடி ஸ்டாப்பே கெடயாது.'

பத்து! கத்தினேன். கூடை கவிழ்ந்தது. சட்டைகளின் மேல் நின்றுகொண்டு பத்து பத்து என்று குதித்தேன். விஜயா அக்கா கைத்தட்டல் பொம்மை போட்டார். சங்கர், 'எபிக்கே சீட்டு புடிச்சிட்டானா? அக்கிரமம்,' என்று எழுதினான். ஒரு நிமிடத்தில் பதினொன்று, பன்னிரண்டு. எங்கெங்கோ இருந்து ஆட்கள் ஏறுகிறார்கள், சலாலா, பெங்களூரு, மதுராந்தகம், பெயரே மறந்துபோன பெயிண்ட் ஷாப் ஆள் ஒருவர். எல்லோருக்கும் பதில் எழுதினேன். அவசரத்தில் விஜயா அக்காவுக்குப் போகவேண்டிய முத்தப் பொம்மை பெயிண்ட் ஷாப்காரருக்குப் போய்விட்டது. அவர் திருப்பி ஒன்று அனுப்பினார்.

கீழே ஓடியபோது மணி ஒன்பது நாற்பத்தைந்து. மெஷினில் துணி சுழன்றுகொண்டிருந்தது, என்னுடையது இல்லை. குனிலா பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அழுக்குக் கூடையைப் பார்த்தார்.

"முப்பதைத் தாண்டிப் பதினைந்து நிமிடம்," என்றார், இரக்கத்தோடு. "ஏதாவது கெட்ட செய்தியா?"

"நல்ல செய்தி. என் பஸ்ஸில் எல்லோரும் வந்துவிட்டார்கள்."

"எங்கே போகிறீர்கள்?"

"எங்கேயும் இல்லை."

அவர் தலையசைத்தார். வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிட்டேனா என்று கேட்க நினைத்திருப்பார், கேட்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. விதி விதிதான், அரைமணிக்கு மேல் வராதவனின் இடம் போகத்தான் வேண்டும்.

அப்போது எபியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஓடுகிற வண்டிக்குள் எடுத்தது. முகம் தெரியாத புதுப் பையன்கள் கம்பியைப் பிடித்தபடி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, இடது பக்கம் நான்காவது வரிசை ஜன்னல் சீட்டு காலியாக இருக்கிறது. அதன் மேல் நீலக் கோடு போட்ட ஒரு துண்டு. ஜன்னலுக்கு வெளியே செங்கல்பட்டு ஏரி, வெயிலில் தகரம் போல. கீழே எழுதியிருந்தான்:

'நின்னுகினு வர்றவனுங்கள்ளாம் என்ன கண்டமேனிக்குத் திட்றானுங்க. டிரைவர் அண்ணாத்த ஸ்லோ பண்ணிட்டாரு. நீ இன்னா, இந்த ஸ்டாப்புல ஏறப்போறியா, இல்லியா?'

குனிலா புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார். மெஷின் சுழலும் வேகம் கூடியது. பதில் அடிக்கத் தொடங்கினேன். நான் என்னையறியாமல் எழுந்து நின்றிருந்ததும், ஒரு ஷூவை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடி வந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.